கைவேலை ஸ்பீக்கர்களும் ஒரு வீட்டு இடமாற்ற நிறுவனமும்: குளுகோரிலிருந்து செந்தூல் வரை

பினாங்கு, குளுகோரில் 14 ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, கடந்த மார்ச் மாதம் கோலாலம்பூர், செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் 17ஆவது மாடிக்குக் குடிபெயர்ந்தோம். குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், கட்டில், அலமாரி, என் மனைவி ஒருவருக்கு மட்டுமே கணக்குத் தெரிந்த பாத்திரங்கள் ஆகியவற்றை ஏற்றி இறக்குவதில் எந்த நிறுவனமும் பெரிதாகத் தவறிவிடாது என்பது என் எண்ணம். நாங்கள் அமர்த்திய நிறுவனமும் தவறவில்லை, ஒரு பீங்கான் கிண்ணம்கூட உடையவில்லை என்று சொல்லி அந்தப் பகுதியை இங்கேயே முடித்துக்கொள்கிறேன். நான் எழுத வந்தது, வீட்டிலேயே பலகை அறுத்து, ஒட்டி, இழைத்து, ஈயம் வைத்து நான் செய்த நான்கு ஸ்பீக்கர்களை அவர்கள் கையாண்ட விதத்தைப் பற்றி. நிறையும் குறையும் கலந்த அனுபவம் என்பதாலும், இதே முறையில் வேலை செய்யும் நிறுவனங்கள் பட்டர்வொர்த்திலும் பிறையிலும் இன்னும் பல இருப்பதாலும் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெரிய இணை, தரையில் நிற்கும் வகை, 110 செ.மீ. உயரம், 18 மி.மீ. பர்ச் பிளைவுட், முன்பலகை மட்டும் இரண்டு அடுக்காக 36 மி.மீ. தடிப்பு. காற்றுப் போகாத மூடிய பெட்டிக்குள் கீழே தாழ்ந்த ஒலிக்கான 10 அங்குல வூஃபரும், அதற்கு மேல் நடு ஒலிக்கான 5 அங்குல மிட்ரேஞ்சும், உச்சியில் உயர்ந்த ஒலிக்கான, 25 மி.மீ. துணிக் குவிமாடம் கொண்ட ட்வீட்டரும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 38 கிலோ. சிறிய இணை, மரத்தூளை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் தேக்கு வெனீர் என்ற மெல்லிய மரத்தாளை ஒட்டி லேக்கர் பூசியது; ஒன்றுக்கு 9 கிலோ வரும்.

கடையில் வாங்கிய ஸ்பீக்கருக்கு அது வந்த அட்டைப்பெட்டியும் அச்சில் வார்த்த நுரையுமே பாதிக் காப்பு. அதைப் பத்திரமாக வைத்திருப்பவர் இடம் மாறும்போது கவலைப்பட வேண்டியதில்லை. கைவேலை ஸ்பீக்கருக்கு அப்படி ஒரு பெட்டி பிறக்கும்போதே கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல் எடை உட்கார்ந்திருக்கும் இடம். வூஃபரின் பின்னால் இருக்கும் ஃபெரைட் காந்தம் பல கிலோ கனக்கும். அதைத் தாங்குவது முன்பலகையில் திருகியிருக்கும் உலோகக் கூடையின் மெல்லிய கால்கள் மட்டுமே. ஸ்பீக்கரை ஒரு சாண் உயரத்திலிருந்து தொப்பென்று தரையில் வைத்தால் பெட்டி நின்றுவிடும், ஆனால் உள்ளே இருக்கும் காந்தம் கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கப் பார்க்கும். தகட்டுக் கூடையாக இருந்தால் அந்த ஒரு கணத்தில் மயிரிழை அளவு வளைந்துவிடும். கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளுக்கும் காந்தத்திற்கும் நடுவே உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், அந்த மயிரிழை வளைவு போதும், சுருள் உரச ஆரம்பித்துவிடும். வெளியே ஒரு கீறலும் இருக்காது; பாட்டைப் போட்டால் மட்டும் மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்குக் கீழே காய்ந்த சருகை மிதிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்கும். இடமாற்ற நிறுவனத்திடம் அதைக் காட்டி இழப்பீடு கேட்டுப் பாருங்கள், “பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது?” என்பார்கள்.

மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டேன். முதலாமவர் தொலைபேசியிலேயே கட்டில் எத்தனை, அலமாரி எத்தனை என்று எண்ணிக்கை கேட்டு விலை சொன்னார்; இரண்டாமவர் புலனத்தில் படம் அனுப்பச் சொன்னார்; மூன்றாமவர் மட்டும் ஆளை நேரில் அனுப்பினார். வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழர், ஏற்றும் குழுவுக்கும் அவரே மேற்பார்வையாளர் என்று பிறகு தெரிந்தது. வரவேற்பறையில் நின்ற பெரிய ஸ்பீக்கரின் ஒரு மூலையை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்னா சார் இது, உள்ள கல்லு போட்டு வச்சிருக்கீங்களா?” என்றார். “கல்லு இல்லண்ணே, காந்தம்” என்றேன். உடனே தூக்கிய மூலையை, தூக்கியதைவிட மெதுவாக இறக்கி வைத்தார். அவர்களுக்கு வேலையைக் கொடுக்க முடிவு செய்தது அந்த நொடியில்தான். விலை அதற்குப் பிறகுதான் பேசப்பட்டது.

விலையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். வேறு வீட்டுச் சாமான்களோடு சேர்த்து ஏற்றும் பங்கு லோரிக்கு 1,650 ரிங்கிட். நமக்கு மட்டும் என்று வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை வரும் மூன்று டன் லோரிக்கு 2,400 ரிங்கிட். 750 ரிங்கிட் வித்தியாசம் சிறிய தொகை அன்று. ஆயினும் பங்கு லோரியில் சாமான் ஒரு கிடங்கில் இறங்கி, அங்கே ஓரிரு நாள் கிடந்து, இன்னொரு லோரியில் ஏறும். அதாவது ஏற்றுவதும் இறக்குவதும் இரட்டிப்பாகும். பொருள் அடிபடுவது பெரும்பாலும் ஓடும் வண்டியில் இல்லை, கை மாறும் இடத்தில்தான். நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டர் ஓடுவதைவிட, அவசரத்தில் இருக்கும் இருவர் வண்டியின் பின்பலகையிலிருந்து தரைக்கு இறக்கும் ஒரு மீட்டர்தான் எனக்கு அச்சம் தந்தது. எனவே தனி லோரியையே எடுத்தேன். இந்தச் சேவையில் கொடுத்த பணத்துக்கு முழுப் பயன் கிடைத்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய பகுதி இது.

காப்புறுதியைப் பற்றிப் பேசியபோதுதான் உண்மையான இழுபறி தொடங்கியது. அறிவிக்கும் மதிப்பில் நூற்றுக்கு 1.5 என்று கட்டணம் வாங்கினார்கள். ஆனால் படிவத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்த விதி, உரிமையாளர் தாமே பொதிந்து கட்டிய பெட்டிக்குள் ஏற்படும் உடைவுக்குக் காப்பு இல்லை, வண்டி கவிழ்ந்தாலோ தீப்பிடித்தாலோ திருடுபோனாலோ மட்டுமே உண்டு என்றது. விதியில் நியாயம் இல்லாமல் இல்லை. மூடிய பெட்டிக்குள் நான் என்ன செய்து வைத்தேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் கைவேலை ஸ்பீக்கர் வைத்திருப்பவரை இந்த விதி ஒரு முட்டுச்சந்தில் நிறுத்துகிறது. அவர்கள் கட்டினால் காப்பு உண்டு, கட்டத் தெரியாது. நான் கட்டினால் கட்டத் தெரியும், காப்பு இல்லை. அதோடு மதிப்பு என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்ற கேள்வியும் இருந்தது. உதிரிப்பாகங்களுக்கு மட்டும் பெரிய இணைக்கு 5,600 ரிங்கிட் செலவழித்திருந்தேன். அவற்றில் பாதிக்கு மேல் கோலாலம்பூர், புடு ஜாலான் பாசாரில் வாங்கியவை, வெயிலில் வெளுத்துப்போன ரசீதுகள். இரண்டு ஆண்டு சனி, ஞாயிறுகளுக்கு ரசீது கிடையாது. “கைவேலைக்குப் போட எங்க பாரத்துல கட்டம் இல்லீங்க” என்றார் அலுவலகப் பெண். அவர் சொன்னதில் தவறில்லை.

இரண்டு நாள் பேச்சுக்குப் பின் மேற்பார்வையாளர் ஒரு வழி சொன்னார்: உள்ளே பொதிந்து கட்டுவதை நான் செய்வது, ஒவ்வொரு படியையும் அவர் படமெடுத்துக்கொள்வது, வெளியே மரப்பெட்டியை அவர்கள் ஆள்கள் மூடித் திருகாணி போடுவது, மூடியபின் அவர் கையெழுத்திடுவது. இப்படிச் செய்தால் பெரிய இணை நிறுவனம் கட்டிய பெட்டியாகவே கணக்கில் வரும் என்று அலுவலகமும் ஒப்புக்கொண்டு மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தது. இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் வளைந்துகொடுக்கும் நிறுவனம் கிடைப்பது அரிது. இதைக் கேட்காமல் இருந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு. சிறிய இணையை நேரமின்மையால் முழுக்க அவர்களிடமே விட்டேன். அந்தச் சோம்பலின் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து வூஃபர்களை மட்டும் கழற்றினேன். கனமான காந்தத்தைப் பெட்டியிலிருந்து பிரித்துவிட்டால், மேலே சொன்ன வளைவுக்கு வேலையே இல்லை. இதில் எல்லாரும் ஒருமுறையாவது மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணி உண்டு. காந்தம் எஃகுத் திருப்புளியைத் தன்பக்கம் இழுக்கும். திருகாணியின் தலையிலிருந்து முனை வழுக்கிய கணத்தில் அது நேராகக் கூம்புத்தாளைக் குத்திக் கிழிக்கும். ஆகவே ஒரு கை திருகும்போது மற்றொரு கையின் விரல்களைத் திருப்புளியின் முனைக்கும் கூம்புக்கும் நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கும் மேலே ஓர் அட்டையைப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. மின்திருப்புளியை அந்தப் பக்கமே எடுத்துச் செல்லக் கூடாது. நான் பெட்டி செய்தபோதே மரத்தில் உலோக மறைகளைப் பதித்திருந்ததால் எட்டுத் திருகாணிகளும் சுலபமாக வந்தன. வெறும் எம்டிஎஃப்பில் நேராகத் திருகியிருந்தால், கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் துளை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து பல் இல்லாத வாய்போல் ஆகிவிடும். அப்படிப்பட்டவற்றைக் கழற்றாமல் விடுவதே மேல்.

கழற்றிய வூஃபரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தேன். பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் காரணம் கேட்டார். சொல்வதைவிடக் காட்டுவது எளிது என்பதால், கம்பி இல்லாத வூஃபரின் கூம்பை விரல் நுனியால் தட்டிக் காட்டினேன்; “தும்” என்று சற்று நீண்டு ஒலித்தது. கம்பி போட்டதைத் தட்டினேன். “தப்” என்று அங்கேயே நின்றுவிட்டது. காந்தப்புலத்தில் சுருள் அசையும்போது அதில் மின்னோட்டம் பிறக்கிறது. முனைகளை இணைத்துவிட்டால் அந்த மின்னோட்டம் சுற்றிவந்து, அதைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கிறது. மணிக்கணக்கில் ஓடும் லோரியின் குலுக்கலில் கூம்பு ஆடிக்கொண்டே இருக்காமல் இது ஒரு தடையாக நிற்கும். கீழே போட்டால் காப்பாற்றாது, குலுக்கலுக்கு மட்டுந்தான். ட்வீட்டருக்கும் மிட்ரேஞ்சுக்கும் பெட்டியின் பின்முனைகளை இணைப்பதால் பயனில்லை, ஏனெனில் நடுவே இருக்கும் கெபாசிட்டர் என்ற மின்பாகம் இந்த மெதுவான மின்னோட்டத்தை விடாது. புது வீட்டில் ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும் முன் அந்தக் கம்பியை எடுக்க மறந்தால் ஆம்ப்ளிஃபயரின் கதி என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே கம்பியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன்.

வூஃபரின் முகப்பில் அட்டையை அப்படியே வைத்துக் கட்டுவது பலர் செய்யும் பிழை. கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பு, திருகாணி போடும் வளையத்தைவிட உயர்ந்து நிற்கும். தட்டையான பலகை அதை நசுக்கிவிடும். 15 மி.மீ. பிளைவுட்டில் ஒரு வளையம் அறுத்து நடுவே கொடுத்து, அதன் மேல் மூடியைத் திருகினேன். காந்தம் கீழே, கூம்பு மேலே பார்க்கும்படி நுரைக்குள் இறக்கினேன். கழற்றாமல் விட்ட ட்வீட்டர்களுக்கு, நாசி லெமாக் கடையில் சம்பாலுக்குத் தரும் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, சாயம் பூசுவோர் பயன்படுத்தும் நீல ஒட்டுநாடாவால் ஓரத்தை ஒட்டினேன். துணிக் குவிமாடத்தின் மேல் யாருடைய விரலும், எந்த நுரையும் படாமல் காக்க அதைவிடப் பொருத்தமான பாத்திரத்தை நான் இதுவரை கண்டதில்லை. கழுவிவிட்டுத்தான் பயன்படுத்தினேன்.

மரப்பெட்டிகளை நிறுவனமே 12 மி.மீ. பிளைவுட்டில் செய்து கொண்டுவந்தது. ஒன்றுக்கு 160 ரிங்கிட். மூலைகளில் சட்டம் கொடுத்து, அடியில் கைத்தள்ளுவண்டியின் நாக்கு நுழையும்படி இரண்டு கட்டைகளும் அடித்திருந்தார்கள். தச்சுவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நுரைதான் வினையாக வந்தது. நாற்காலி மெத்தைக்குப் போடும் மஞ்சள் பஞ்சுநுரையைக் கொண்டுவந்திருந்தார்கள். 5 செ.மீ. தடிப்புள்ள அந்த நுரையின் மேல் ஸ்பீக்கர் பெட்டியை நிறுத்திப் பார்த்தேன். அழுந்தி 1 செ.மீ. ஆகிவிட்டது. நின்றாலே இப்படி நசுங்கும் நுரை விழும்போது தடுக்க அதனிடம் மீதி எதுவும் இல்லை. மென்மையானதுதான் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. கனமான பொருளுக்கு அது பொருந்தாது. மின்னணுச் சாதனங்களுடன் வரும் வெள்ளைப் பாலித்தீன் நுரைப்பலகைதான் வேண்டும் என்று சொன்னேன். மேற்பார்வையாளர் முணுமுணுக்காமல் மறுநாள் காலை பிறையிலிருந்து வாங்கி வந்தார், கூடுதல் பணமும் கேட்கவில்லை. அதன் மேல் அதே பெட்டி நின்றபோது 5 செ.மீ. ஏறக்குறைய 5 செ.மீ. ஆகவே இருந்தது; மேலிருந்து அழுத்தினால் மட்டும் கொஞ்சம் அமுங்கிக் கொடுத்தது. ஸ்பீக்கரின் ஆறு பக்கமும் அந்த நுரை தொடும்படி, ஆனால் முன்பலகையின் நடுவில் எதுவும் படாதபடி ஓரங்களிலும் மூலைகளிலும் மட்டும் வைத்தோம்.

மரத்தின் மேல் முதலில் தொடவேண்டியது பருத்தித் துணி. அம்மாவின் பழைய நூல்சேலைகள் இரண்டு அதற்குப் போயின; கேட்டுத்தான் எடுத்தேன். எண்ணெயோ லேக்கரோ பூசிய மரத்தின் மேல் பிளாஸ்டிக் நேராகப் பட்டு, மூடிய லோரியின் வெப்பத்தில் ஒரு பகல் கிடந்தால், பூச்சு இளகிப் பிளாஸ்டிக்கின் தடத்தை வாங்கிக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்துகொண்டால் உள்ளே வியர்த்துவிடும். துணி, அதற்கு மேல் நுரை, அதற்கும் மேல் பிளாஸ்டிக் என்ற வரிசை மாறக் கூடாது.

அந்த வரிசை சிறிய இணையில் மாறியது. நான் சமையலறைப் பக்கம் போயிருந்த கால் மணி நேரத்தில் இரண்டு நேபாள இளைஞர்கள் வெனீரின் மேலேயே பபிள் ராப்பைச் சுற்றி, பழுப்பு ஒட்டுநாடாவைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் நேரடியாக ஒட்டி, அதற்கு மேல் இழுவைப் பிளாஸ்டிக்கை எட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டார்கள். வேகமும் நேர்த்தியும் பார்க்கப் பார்க்க அழகாக இருந்தது. அவர்களுக்குப் பழக்கமான தொலைக்காட்சிக்கும் அலமாரிக்கும் அது சரியான கட்டுத்தான். பிரித்து மறுபடி கட்டச் சொல்லியிருக்கலாம். மணி மூன்றாகி, வானம் இருண்டுகொண்டிருந்தது, நானும் விட்டுவிட்டேன்.

மழை வருவதற்குள் ஏற்றி முடித்தார்கள். கித்தான் போட்ட லோரி அனுப்பாமல், சொன்னபடியே முழுதும் மூடிய பெட்டி லோரியை அனுப்பியதற்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். எம்டிஎஃப்பின் அறுத்த ஓரத்தில் நீர் பட்டால் ரொட்டியைத் தேநீரில் தோய்த்ததுபோல் ஊதிவிடும், பிறகு அதற்கு வைத்தியமே இல்லை. பெரிய பெட்டிகள் இரண்டையும் நின்ற நிலையிலேயே, ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உள்ள முன்சுவரை ஒட்டி நிறுத்திப் பட்டையால் இறுக்கினார்கள். பின்சக்கரத்துக்கு அப்பால் இருக்கும் வால்பகுதியில்தான் குலுக்கல் அதிகம் என்பதை அந்தக் குழுவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் மெத்தைகளை வைத்தார்கள். சலவை இயந்திரத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். இந்த வேலையில் அவர்களுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாலை ஆறரைக்குப் பினாங்குப் பாலத்தைக் கடந்து, வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ தாண்டி, தாப்பா ஓய்விடத்தில் தூங்கிவிட்டு, மறுநாள் காலை ஒன்பதரைக்குச் செந்தூல் வந்தார்கள்.

அடுக்குமாடியின் சாமான் இறக்கும் இடத்திலிருந்து மின்தூக்கி வரை நாற்பது மீட்டர் இருக்கும். நடுவே வடிகாலின் மேல் இரும்புக் கிராதி. முதல் பெட்டியை ஏற்றிய கைத்தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் அந்தக் கிராதியின் உடைந்த ஓரத்தில் இறங்கி, பெட்டி ஒருபக்கம் சாய்ந்து ‘டம்’ என்று இரும்பில் இடித்தது. மேற்பார்வையாளர் முழங்காலைக் கொடுத்துத் தாங்கியிருக்காவிட்டால் முழுதும் சாய்ந்திருக்கும். அடி பட்டால் சிவப்பாக மாறும் ஒட்டுவில்லைகள் நான்கை இணையத்தில் வாங்கி, ஒவ்வொரு மரப்பெட்டியின் வெளியே ஒன்றும் உள்ளே ஸ்பீக்கரின் முதுகில் ஒன்றுமாக ஒட்டியிருந்தேன். பினாங்கிலிருந்து வெள்ளையாகவே வந்த வெளிவில்லை, நாற்பது மீட்டர் தூரத்தில் இரத்தச் சிவப்பாகிவிட்டது. அதைப் பார்த்த மேற்பார்வையாளர், “போச்சா சார்?” என்று என்னைவிடக் கவலையாகக் கேட்டார். 17ஆவது மாடியில் மூடியைக் கழற்றிச் சேலையை விலக்கிப் பார்த்தோம். உள்வில்லை வெள்ளையாகவே இருந்தது. இரண்டு வில்லைகளுக்கும் நடுவே இருந்தது அந்த 5 செ.மீ. நுரை மட்டுமே.

மற்றவற்றை அன்றே பிரிக்காமல் மறுநாள்தான் பிரித்தேன். வெப்பத்தில் ஊறி வந்த மரம் குளிரூட்டிய அறையோடு ஒத்துப்போக ஓர் இரவாவது வேண்டும். மின்தடையை அளக்கும் பலமானியில் ஒவ்வொரு வூஃபரும் புறப்படும் முன் காட்டிய அதே 6 ஓமுக்குச் சற்று மேற்பட்ட அளவையே காட்டியது. எட்டு ஓம் என்று எழுதியிருக்கும் வூஃபர் பலமானியில் அதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பு, பதற வேண்டாம். திரும்ப மாட்டும்போது வூஃபருக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த பழைய நுரைப்பட்டையை எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டேன், ஏனெனில் ஒருமுறை அழுந்திய பட்டை மறுபடி காற்றை முழுதாக அடைக்காது. மூடிய பெட்டியில் கூம்பை இரு கைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்திவிட்டுக் கையெடுத்தால் அது சோம்பலாக, மெதுவாகத் திரும்பி வரவேண்டும். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்றுப் போகிறது. இரண்டும் சோம்பலாகவே வந்தன. கைப்பேசியிலிருந்து 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல ஏறும் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டுக் காதை அருகில் வைத்துக் கேட்டேன். உரசல் இல்லை.

சிறிய இணைக்கு அப்படி அதிர்ஷ்டம் இல்லை. ஒன்றின் மேல்பக்கம் முழுவதும் பபிள் ராப்பின் குமிழிகள் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தன, அம்மைத் தழும்பு போல. ஒட்டுநாடாவை உரித்தபோது இரண்டு விரல் அகலத்துக்கு வெனீரின் இழையும் கூடவே வந்துவிட்டது. மற்றொன்று பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது, ஆனால் தூக்கியபோது உள்ளே ஏதோ உருண்டது. திறந்து பார்த்தால், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்றான கிராஸ்ஓவரின் பெரிய செப்புச் சுருள் பலகையிலிருந்து பிரிந்து பெட்டிக்குள் திரிந்துகொண்டிருந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் அதைச் சூட்டுப்பசையால் மட்டும் ஒட்டியவன் நான். வெயிலில் நிற்கும் மூடிய லோரியின் சூட்டில் அந்தப் பசை இளகும், குலுக்கலில் விடும். பிளாஸ்டிக் கட்டுநாடாவைத் துளைவழி கோத்து இறுக்கியிருக்க வேண்டும். பெரிய இணையில் அப்படித்தான் செய்திருந்தேன்.

இழப்பீட்டுக்கு எழுதினேன். வெனீருக்கு அவர்கள் எடுத்த படங்களே சாட்சியாக இருந்ததால் ஒன்பது நாளில் 200 ரிங்கிட் கொடுத்தார்கள். பழைய வெனீரைச் சுரண்டிப் புதிதாக ஒட்டிப் பூசும் பொருள்செலவுக்கு அது போதும், உழைப்புக்குப் போதாது. சுருளுக்குக் கொடுக்க மறுத்தார்கள், பொருளிலேயே இருந்த குறை என்றார்கள். அதை நானும் மறுக்க முடியாது. ஆனால் இரண்டாவது மின்னஞ்சலில், “வீட்டில் செய்த பொருள் என்பதால் சந்தை மதிப்பு இல்லை” என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மதிப்பைக் கணக்கிட வழியில்லை என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன்.

இதே நிறுவனத்தை மறுபடி அழைப்பேனா என்றால், அழைப்பேன்: தூக்குவதற்கும் அடுக்குவதற்கும் ஓட்டுவதற்கும், சொன்னதைக் காதில் வாங்குவதற்கும். சுற்றிக் கட்டுவதற்கு அழைக்க மாட்டேன். பெரிய இணைக்கு மரப்பெட்டி, நான் வாங்கிய ஒட்டுவில்லைகள், நாடா எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 390 ரிங்கிட் ஆயிற்று. நுரை அவர்கள் செலவு. 5,600 ரிங்கிட் பாகங்களுக்கு அது அதிகம் என்று என் தம்பி சொல்கிறான். அவனுக்கு அந்த வூஃபர் இப்போது சந்தையில் வருவதில்லை என்பது தெரியாது.

மரப்பெட்டிகளை ஒன்றுக்கு 20 ரிங்கிட் வீதம் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. பக்கம் பக்கமாகக் கழற்றி, எது முன், எது பின் என்று பென்சிலால் எழுதி, திருகாணிகளைப் பொட்டலமாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்திருக்கிறேன். வீட்டு வாடகை ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்குத்தான்.